பர்சென்ட் அண்ணன் பத்திரிகை வைக்கப் போனது

பூமியில் பிறந்த மனிதர்களிலேயே, இறக்கத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். ஊரே ஏறத் துடிக்கிறது. பதவியில் ஏற, பஸ்ஸில் ஏற, பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு மாடியாவது கூட ஏற. இவர் மட்டும் இறங்கத் துடிப்பார். காந்திபுரம் மேம்பாலத்தின் உச்சியில் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணைக் காரின் திரையில் பதித்து, பாலபிஷேகம் பார்க்கிறவர் போல உருகுவார். "பாருங்க, ஏறுது பாருங்க" என்பார். கார் கீழே போய்க்கொண்டிருக்கும். பேட்டரியில் சார்ஜ் ஏதோ ஒரு துளி மேலே போய்க்கொண்டிருக்கும்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தெருவில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கணபதிப் பகுதியில் கிரைண்டர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அப்போது அவர் மோட்டார்க்காரர். மின்சாரக் கார் வாங்கினார். அன்று முதல் பர்சென்ட் அண்ணன்.

கார் வந்த அன்று பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஐயர் நகர்ந்து நின்று, "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார்.

"பண்ணியாச்சுங்க சாமி."

"சத்தமே வரலையே."

"வராதுங்க."

ஐயர் சந்தேகத்தோடு குனிந்து பார்க்கும்போதே கார் நகர்ந்து, எலுமிச்சம்பழம் பச்சென்று அவர் வேட்டியில் தெறித்தது. அந்தக் கார் எங்கள் தெருவில் எழுப்பிய முதல் ஓசையும் கடைசி ஓசையும் அதுதான். அதற்குப் பிறகு அது பூனை. பால்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். வெயிலில் படுத்திருக்கும் நாய், கார் தன்மேல் நிழல் போட்ட பிறகு கண் திறந்து, தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு எழுந்து போகும்.

ஹாரன் அடிக்கலாமே என்று கேட்டேன்.

"ஹாரனுக்கும் கரண்டு போகுமுங்களே."

அதனால் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏனுங், கொஞ்சம் ஒதுங்குங்க, வாரேனுங்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அவிநாசி ரோட்டில் லாரிக்காரனையும் அப்படித்தான் கூப்பிட்டார். உலகத்திலேயே மரியாதையான கார் எங்கள் ஊரில்தான் ஓடியது.

கண்ணாடியை இறக்குவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏசி போட்டால் திரையில் சார்ஜ் பர்சென்ட் குறையும். சித்திரை வெயிலில் அந்தப் புத்தம் புது காரின் முன்சீட்டில் அவர் மனைவி சரசக்கா பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார். "இத்தன லட்சத்தப் போட்டு எனக்கு விசிறி வாங்கிக் குடுத்திருக்கறாருங்க" என்று வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். சிரிக்காமல் சொல்வார். அதுதான் அவர் பாணி.

நல்லதையும் சொல்லவேண்டும். பெட்ரோல் விலை ஏறினால் பர்சென்ட் அண்ணன் வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் மைசூர்பா வரும். நாங்கள் வாயில் போட்டுக்கொண்டு வயிறு எரிவோம். "சர்வீஸுக்கு விட்டா வைப்பருக்குத் தண்ணி மட்டுந்தானுங் ஊத்தறாங்க. ஆயில் இல்ல, பெல்ட் இல்ல, புகை இல்ல. மெக்கானிக்கே அழுவறானுங்" என்று வாசலில் நின்று அறிவிப்பார். எங்கள் கார்கள் காலையில் இருமிக் கனைத்து எழும்போது, அவர் கார் இரவெல்லாம் குடித்த மின்சாரத்தின் தெளிவோடு, முகம் கழுவிய பிள்ளை மாதிரி நிற்கும். பொறாமையாக இருக்கும். மறைப்பானேன்.

ஆனால் அந்தப் பர்சென்ட் எண் அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. உடம்பு எப்படி என்று கேட்டால் "அறுவது பர்சென்ட் இருக்குதுங்" என்பார். இட்லி சாப்பிட்டு ஏப்பம் விட்டால் எண்பது. ஆஸ்பத்திரியில் கிடந்த தெருக்கோடித் தாத்தாவைப் பார்க்கப் போய், பிள்ளைகளை ஓரமாக அழைத்து, "டாக்டர் எத்தன பர்சென்ட்டுங்கறாரு?" என்று கேட்டார். மூத்த மகன் ஒரு கணம் முறைத்தான். பிறகு, யோசித்து, "இருபதுங்க" என்றான். "அப்ப ஒண்ணும் பயமில்லீங்க. இருவதுல நான் திருப்பூருக்கே போய்ச் சேந்திருக்கறேன்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். தாத்தா பிழைத்து வந்து இன்றும் வாக்கிங் போகிறார். மருத்துவத்தைவிட பேட்டரியே மேல் என்ற அவர் எண்ணத்தை அதற்குப் பிறகு யார் சொல்லி மாற்ற முடியும்?

கொங்கு நாட்டில் ஒரம்பரை வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு, போனால் வெறுங்கையோடு திரும்பவிட மாட்டார்கள். டிக்கியில் ஒரு வாழைத்தார், ஒரு மூட்டை தேங்காய், ஒரு கட்டு முருங்கைக்காய் ஏறிவிடும். பர்சென்ட் அண்ணன் இதற்கும் தடை விதித்தார். எடை கூடினால் சார்ஜ் குறையுமாம். தேங்காயை ஒன்றொன்றாக இறக்கி வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, பேட்டரி தாங்காது" என்பார். யார் தப்பாக நினைக்காமல் இருப்பார்கள்? அன்பைத் தராசில் நிறுத்து இறக்கிவைத்த மனிதரை இந்தச் சீமை அதற்குமுன் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன். வெள்ளகோவில் பக்கம் தோட்டம், முருங்கையும் தென்னையும். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்துப் பட்டறை வைக்கக் கைகொடுத்தவர். அந்தப் பெரியவர் தன் மகன் கல்யாணத்தைக் காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார். பர்சென்ட் அண்ணன் எதிரே இருந்த ஓட்டலின் சார்ஜிங் பாயின்ட்டில் காரைப் போட்டுவிட்டு வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்தது. பெரியவர் தம்பியின் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போய், இலை முன்னால் உட்காரச் சொன்னார். அப்போது போன் அடித்தது. சார்ஜ் நிறைந்துவிட்டது, காரை எடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று எவனோ இன்னொரு மின்சாரக் கார்க்காரன்.

"இதா வந்தர்றேனுங்ணா" என்று எழுந்து போனார். காரை எடுத்தார். நிறுத்த இடமில்லாமல் ஊரைச் சுற்றினார். திரும்பி வந்தபோது பந்திக்கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"உன்ற தம்பி எங்கப்பா?" என்று யாரோ கேட்டதற்கு, "காருக்குச் சோறு போடப் போயிருக்கறான். என்ற ஊட்டுக் கல்யாணத்துல அவன் கை நனைக்கல" என்றாராம் பெரியவர். கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் சாப்பிடுவது. சாப்பிடாமல் போவது என்றால் உறவை இலையோடு சுருட்டி எறிந்துவிட்டுப் போவது. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

இப்போது பர்சென்ட் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "பெரியப்பா வந்து நிக்காம நான் மணவறையில ஏறமாட்டேனுங்ப்பா" என்றாள் பெண். சின்ன வயதிலிருந்து அவரை ஒற்றைச் சொல்லில் ஆட்டிவைத்தவள். இதையும் ஒருமுறைதான் சொன்னாள். அவர் திரையைப் பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே எண் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையை வாட்சப்பில் அனுப்பினால் இங்கே யாரும் வரமாட்டார்கள். நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வரவேண்டும். பெட்ரோல் காரில் போகிறவர்கள் ஒரு நாளில் ஒரு தாலுகாவையே முடிப்பார்கள். பர்சென்ட் அண்ணன் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கார மாமன் வீட்டில் காரைச் சார்ஜில் போட்டார். மத்தியானம் வரை அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. மாமன் வீட்டுக் கதை, கோழிக் கதை, கோழித்தீவன விலைக் கதை எல்லாம் கேட்டார். அடுத்த தெருவில் இருந்த பெரியம்மா மகன் வீட்டுக்குப் போனபோது பேட்டரி நிறைந்திருந்தது. பத்திரிகையை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"அங்க அர நாளு. இங்க அஞ்சு நிமிசம். எங்க ஊட்டுக் கரண்டு கசக்குதுங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார்கள்.

அன்று சபதம் எடுத்தார்: இனி எந்த ஒரம்பரை வீட்டிலும் சார்ஜ் போடுவதில்லை. கம்பெனிக்காரன் பாயின்ட்டில் மட்டும்தான்.

அந்தச் சபதத்தோடுதான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். சரசக்கா என்னையும் அழைத்தார். "நீங்களும் வாங்க தம்பி. வழியில நின்னா தள்ளறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்."

திட்டம் எளிது. போவது, பத்திரிகை வைப்பது, திட்டினால் வாங்கிக்கொள்வது, பேச்சு முற்றுவதற்குள் எழுந்து வந்துவிடுவது. வழியில் தாராபுரத்தில் இரண்டு வீடு. பிறகு நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜிங் பாயின்ட். அதை நம்பித்தான் வந்தோம். அங்கே போய் நின்றால், பெட்டிமேல் ஒரு சாக்குப் பையைப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "அது போயி ஒரு மாசமாச்சுங்க. போன்ல வேல செய்யுதுன்னு காட்டுதாட்டம் இருக்குதுங். தெனமும் யாராச்சும் வந்து பாத்துட்டு டீ குடிச்சுட்டுப் போறாங்க" என்றார். அவருக்கு அந்தப் பெட்டி நல்ல வியாபாரம்.

எதிர்க்காற்று. இருபுறமும் காற்றாலைகள் காற்றிலிருந்து மின்சாரம் கடைந்துகொண்டு நின்றன. நடுவே நாங்கள், அதே காற்றிடம் மின்சாரத்தை இழந்துகொண்டு ஊர்ந்தோம். சரசக்கா விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். ஒற்றை இலக்கத்துக்கு எண் இறங்கியதும் பர்சென்ட் அண்ணன் பேசுவதை நிறுத்தினார். மூச்சையும் சேமிக்கிறார் என்று தோன்றியது.

தோட்டத்து வாசலில் கார் ஓசையில்லாமல் போய் நின்றது. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எதிரியைக்கூட வாங்க என்றுதான் சொல்வார்கள், பிறகுதான் சண்டை. அந்த ஒரு சொல் வராத வாசலில் நின்ற பர்சென்ட் அண்ணன் சட்டென்று மெலிந்துபோனது போல இருந்தார்.

உள்ளேயிருந்து அவர் அண்ணிதான் ஓடிவந்தார். "வாங்க, வாங்க. வா சரசு. உள்ள வாங்க எல்லாரும்."

தட்டை நீட்டினார்கள். பெரியவர் கையை நீட்டவில்லை. "அங்க வெச்சுட்டுப் போ" என்றார், காயைப் பார்த்து.

வைத்தார். கும்பிட்டார். திரும்பி நடந்தார். காரில் ஏறினார். பெருமூச்சு விட்டார். இறங்கினார். மறுபடி வந்து நின்றார்.

"என்ன, எதாச்சும் மறந்துட்டியா?"

"இல்லீங்ணா."

"பொறவென்ன?"

"சார்ஜ் இல்லீங்ணா. ரெண்டு பர்சென்ட்தான் இருக்குது. காங்கேயம் வரைக்கும்கூடப் போகாதுங்."

பெரியவர் இப்போதுதான் முழுசாக நிமிர்ந்தார். "ஓ. சோறு வேண்டாம். கரண்டு மட்டும் வேணும்."

தென்னை மட்டை ஒன்று உரசிக்கொண்டது. பெரியவர் கட்டிலிலிருந்தபடியே மோட்டார் ரூமைக் கை காட்டினார். பர்சென்ட் அண்ணன் சபதத்தை அங்கேயே போட்டு மிதித்துவிட்டு, டிக்கியிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டு ஓடினார். செருகினார். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கிச் செருகினார். சிவப்பு. இன்னொரு பிளக். சிவப்பு.

"என்னாச்சு?" என்றார் பெரியவர்.

"எடுக்க மாட்டீங்குதுங்ணா."

"எது?"

"காருங்."

பெரியவர் எழுந்து வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி. "அன்னிக்கு நீ என்ற ஊட்டுக் கல்யாணத்துல சாப்புடல. இன்னிக்கு உன்ற காரும் சாப்புட மாட்டீங்குதா? உங்க ரெண்டு பேருக்கும் எங்களக் கண்டா அப்படி என்னடா எளக்காரம்?"

பர்சென்ட் அண்ணனுக்குக் காரணம் தெரியும். ஆயுள் முழுக்க மோட்டாரோடு புழங்கியவர். எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பு, சரியில்லாத இடத்தில் அந்தச் சார்ஜர் மின்சாரத்தைத் தொடாது. அது அதன் பத்தியம். உப்பும் கரியும் போட்டு ஈரமாக வைக்கவேண்டிய எர்த் குழி, கோடையில் காய்ந்து கட்டாந்தரையாகிக் கிடந்தது. ஆனால், பகையோடு இருக்கும் அண்ணன் முகத்துக்கு நேரே, உங்கள் வீட்டில் ஒன்று சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மனைவி காதில் மட்டும் முணுமுணுத்துவிட்டு, அவர் என்னைப் பார்த்தார். நான் தென்னையைப் பார்த்தேன். சரசக்காதான் சொன்னார்.

"மாமா, எர்த் காஞ்சு போச்சாமுங். அதச் சொல்றதுக்கு உங்க தம்பிக்கு வாய் வரலீங். இத்தன நாளும் அப்படித்தானுங். மன்னிச்சுக்கங்கங்கற ஒரு வார்த்த வாய்க்குள்ளயே கெடந்து காஞ்சுபோச்சு."

பெரியவர் உள்ளே போனார். சண்டை இனிமேல்தான் என்று நான் நினைத்தபோது கடப்பாரையோடு வெளியே வந்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் நேரே எர்த் குழிக்குப் போய் ஓங்கிக் குத்தினார்.

"உப்பு எடுத்துட்டு வா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். "கரி அந்தச் சாக்குல கெடக்குது பாரு" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். கொட்டாங்குச்சிக் கரி மூட்டையைப் பர்சென்ட் அண்ணன் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். எடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பிறகு இரண்டு பேரும் குழிக்குள் குனிந்தார்கள். ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை கரி, ஒரு குடம் தண்ணீர்.

"கரிய நல்லாப் பொடி பண்ணிப்போடு. கட்டி கட்டியாப் போடற."

"இதுக்கு மேல பொடிச்சா மாவாயிருமுங்ணா."

"மோட்டார் கட்டறவனுக்கு எர்த் போடத் தெரியில."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா இது ஏனுங் காயுது?"

சொன்னபின்தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது. பெரியவரும் நிறுத்தினார். பிறகு அந்த வயசாளியின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. "வாய் வந்துருச்சு பாத்தியா உன்ற ஊட்டுக்காரனுக்கு" என்றார் சரசக்காவைப் பார்த்து.

தண்ணீர் இறங்கி மண் குளிர்ந்து வர நேரமாயிற்று. கரிக்கையோடு பர்சென்ட் அண்ணன் மறுபடி ஒயரைச் செருகினார். நாங்கள் எல்லோரும், அண்ணி உட்பட, பிரசவ அறை வாசலில் நிற்பது போல நின்றோம். சிவப்பு மினுங்கியது. மறைந்தது. பச்சை.

"எடுக்குதா?" என்றார் பெரியவர்.

"எடுக்குதுங்ணா."

"அப்ப நீ?"

பர்சென்ட் அண்ணன் கரிக்கையை அப்படியே முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு. பெரியவர் தன் துண்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தார். "போய்க் கையக் கழுவிட்டு வா. எல போட்டாச்சு."

அண்ணி அதற்குள் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி இறக்கியிருந்தார். நெய் ஊற்ற ஊற்ற, பர்சென்ட் அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். போதும் என்று கையால் மறிக்கவில்லை. போன் இரண்டு முறை அடித்தது. எடுத்துப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து பெரியவர் சாப்பிடாமல் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பெரியவர் முதல் நாளே வந்துவிட்டார். மணவறைக்குப் பக்கத்தில் நின்றதைவிடச் சாப்பாட்டுப் பந்தியில் நின்றதுதான் அதிகம். தம்பியின் தோளை அழுத்தி முதல் பந்தியிலேயே உட்காரவைத்து, முடியும்வரை அங்கேயே நின்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பர்சென்ட் அண்ணன் வெள்ளகோவில் போகிறார். போன வாரம் நானும் போயிருந்தேன். வழியில் புதிதாக வேறொரு பாயின்ட் வைத்திருக்கிறார்கள். அதில் நிறுத்தி நன்றாகவே சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் போனோம். தோட்டத்து வாசலில் கார் நின்றதும், பெரியவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

"வா, வா. எத்தன பர்சென்ட் இருக்குது?"

பர்சென்ட் அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுபத்திரண்டு. வீட்டுக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

"பத்தாதுங்ணா" என்றார், ஒயரை எடுத்துக்கொண்டே. "சாயங்காலம் வரைக்கும் போடோணும்."

பெரியவர் எழுந்து காரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் படுவதற்குள் திரை அணையட்டும் என்று, நான் கதவை மெதுவாகச் சாத்தினேன்.